குத்துச்சண்டை பேக் அடிக்கும்போது வாட்ச் காட்டும் துடிப்பு உண்மையா?

பர்மா பஜாரில் ஸ்மார்ட்வாட்ச் கேட்டால், கடைக்காரர் அதை உங்கள் கையில் கட்டி ஹார்ட் ரேட் பக்கத்தைத் திறந்து காட்டுவார். அடியில் பச்சை விளக்கு மினுக்கும். பத்து நொடியில் 78 என்று வரும். "கரெக்டா காட்டுது பாருங்க" என்பார். பார்த்தால் கரெக்ட் மாதிரிதான் இருக்கும். சும்மா இருக்கிற, வயதுவந்த ஒருவரின் துடிப்பு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. பலருக்கும் அது எழுபதுகளில் இருக்கும். எதையுமே அளக்காமல் 75-ஐ ஒட்டி ஏதோ ஒரு எண்ணை உருட்டிவிடுகிற பொருள்கூட அந்த இடத்தில் பாஸ் ஆகிவிடும். கடையில் நின்றபடி செய்யும் சோதனைக்கு மதிப்பே கிடையாது.

வாழைப்பழத்திலோ சுருட்டிய துண்டிலோ வாட்சைக் கட்டிப் பார்க்கிற சோதனை ஒன்றும் வீடியோக்களில் சுற்றுகிறது. பழத்துக்கு 82 காட்டினால் டுபாக்கூர் வாட்ச் என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அதுவும் தவறு. திரும்பி வருகிற வெளிச்சத்தில் சீராக ஏறி இறங்கும் ஏதாவது ஒன்றைத் தேடுவதுதான் சென்சாரின் வேலை. தன்னைக் கட்டியிருப்பது மனிதக் கையில் என்ற நம்பிக்கையில்தான் அது கணக்குப் போடுகிறது. பழத்தின் மேல் விழும் அறை வெளிச்சமும் சின்ன அதிர்வும் சேர்ந்தால் நல்ல கம்பெனி வாட்சும் ஒரு எண்ணைக் காட்டிவிடக்கூடும். ஓடுகிற கையில் அது எப்படி வேலை செய்யும் என்பதற்குப் பழம் பதில் சொல்லாது.

"எந்த வாட்ச் துல்லியம்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான். தூங்கும்போது அச்சு பிசகாமல் காட்டும் வாட்ச், குத்துச்சண்டைப் பயிற்சியில் 30 துடிப்பு தள்ளிக் காட்டும். உங்கள் நண்பர் கையில் ஒழுங்காக இருப்பது உங்கள் கையில் சொதப்பும். எந்த உடற்பயிற்சி, யாருடைய கை, எதோடு ஒப்பிட்டு என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும். அதை நீங்களே கண்டுபிடிக்க, மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் ஒரு மார்புப் பட்டையும் இரண்டு காலைப்பொழுதும் போதும்.

முதலில் அந்தப் பச்சை விளக்கு. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் கணத்தில் மணிக்கட்டுத் தோலுக்கடியில் ரத்தம் கூடுகிறது, திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த துடிப்புக்கு முன் ரத்தம் வடிகிறது, ஒளி கூடுகிறது. வாட்சின் அடியில் உள்ள ஒளியுணரி இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணுகிறது. இந்த ஏற்ற இறக்கம் மிகச் சிறியது. திரும்பி வரும் மொத்த ஒளியில் ஒன்றிரண்டு சதவீத அளவிலேயே இருக்கும். கையை ஒரு தடவை ஆட்டினாலே அதைவிடப் பெரிய மாற்றம் வந்துவிடுகிறது. வாட்ச் தோலைவிட்டு இம்மி நகர்கிறது, தசைநார் புடைக்கிறது, ரத்தமே கைக்குள் அலைகிறது. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவில் இதயத்தின் குரலைப் பிரித்தெடுக்க, வாட்சில் இருக்கும் அசைவுணரியின் கணக்கையும் சேர்த்து மென்பொருள் யூகிக்கிறது. துல்லியத்தில் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வருவது பெரும்பாலும் இந்த யூகத்தில்தான்.

யூகம் தவறும் விதத்தில் ஒன்றை எல்லா ஓட்டக்காரர்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பலரும் ஓடும்போது நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி எடுத்து வைக்கிறார்கள். ஒவ்வொரு அடிக்கும் கை குலுங்குகிறது, வாட்சும் குலுங்குகிறது. அந்தக் குலுக்கல் மிகச் சீரான தாளம். இதயமோ அப்போது 140-ல் இருக்கலாம். மென்பொருள் தவறான தாளத்தைப் பிடித்துக்கொண்டால் இதயத்துடிப்பு என்று 168-ஐக் காட்டும். அது உங்கள் காலடியின் எண். பேச்சுமூச்சு சுலபமாக இருக்கிறது, பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிறது, வாட்ச் மட்டும் 170 என்று அலறுகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் வர வேண்டும். சோதிப்பது எளிது. வேகத்தை மாற்றாமல் ஒரு நிமிடம் அடிகளை மட்டும் குட்டையாக, அடிக்கடி வையுங்கள். எண்ணும் உடனே கூடவே ஏறினால் வாட்ச் காலைத்தான் எண்ணுகிறது. இதயம் அப்படித் தாவாது, மெதுவாகத்தான் ஏறும். நடைப்பயிற்சியிலும் இது நடக்கும். வேக நடையில் நிமிடத்துக்கு 110, 120 அடி. துடிப்பு 95-ல் இருப்பவருக்கு வாட்ச் 115 காட்டினால் "நல்லா உழைச்சிருக்கோம்" என்ற நினைப்பில் அவர் வீட்டுக்குப் போய்விடுவார். ஸ்கிப்பிங் கயிறும் இதே ரகம்.

நம்ம வடசென்னையில் ஸ்கிப்பிங்கும் பேக்கும் நிறைய. வியாசர்பாடி, ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகள் இப்போது கையில் ஃபிட்னஸ் வாட்சோடு வருகிறார்கள். மணிக்கட்டு வாட்சுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில், ஓட்டம், சைக்கிள் போன்ற தாளமான அசைவுகளில் அளவு நன்றாக வரும் என்றும், டென்னிஸ், குத்துச்சண்டை போன்ற ஒழுங்கற்ற அசைவுகளில் அந்த அளவுக்கு வராது என்றும் எழுதியிருக்கிறது.

காரணத்தைக் கையிலேயே பார்க்கலாம். கிளவுசுக்கு அடியில் கையில் நாலரை மீட்டர் பேண்டேஜைச் சுற்றும்போது மூன்று நான்கு சுற்று மணிக்கட்டிலேயே போகிறது. வாட்சை அதன் அடியில் வைத்தால் இறுக்கத்தில் தோலின் ரத்த ஓட்டமே குறைந்துவிடும், கிளவுசின் பட்டை பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பதிவையும் நிறுத்திவிடும். பேண்டேஜுக்கு மேலே கட்டினால் சென்சாருக்குத் தோலே தெரியாது. முன்கையில் மேலே தள்ளிக் கட்டினாலும், முஷ்டியை இறுக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே தசை புடைத்து வாட்சைத் தூக்கும். பேக்கில் குத்து விழும் கணத்தில் அதிர்ச்சி நேரே சென்சாருக்குப் போகும். மூன்று நிமிட ரவுண்டின் உச்சத்தில், இதயம் 175-ல் இருக்கும்போது, வாட்ச் 120-க்கும் 140-க்கும் நடுவில் தடுமாறுவது இதனால்தான். ரவுண்டு முடிந்து கையைத் தொங்கவிட்டதும் திடீரென்று எண் மேலே தாவும், ஓய்வில்தான் துடிப்பு ஏறுகிறது என்பதுபோல வரைபடம் தலைகீழாக வரும். பேக் அடிப்பவர்களுக்கு மார்புப் பட்டை நல்லது. அல்லது புஜத்தில் கட்டும் ஒளி சென்சார்ப் பட்டை, போலார் வெரிட்டி சென்ஸ் மாதிரி. புஜத்தில் தசை தடிமன், எலும்பும் தசைநாரும் குறுக்கே வராது, குலுக்கலும் குறைவு. ஆனால் ஒன்று: எதிரில் ஆள் நின்று ஸ்பாரிங் செய்யும்போது வாட்ச், மார்புப் பட்டை இரண்டுமே வேண்டாம். நெஞ்செலும்பின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு குத்து விழுந்தால் வலி உங்களுக்கு, மணிக்கட்டு வாட்சால் காயம் எதிராளிக்கு.

கேரம் ஆடுபவர்களும் கவனிக்கலாம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டும் கையில் வாட்ச் இருந்தால், விரலை இழுத்துவிடும் தசைநார் சரியாகச் சென்சாருக்கு அடியில்தான் ஓடுகிறது. மற்றக் கையில் கட்டினால் பிரச்சினை தீர்ந்தது.

இனி அளவுகோல். ஒரு வாட்சை இன்னொரு வாட்சோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே மாதிரி தவறலாம், உண்மை தெரியாது. மார்புப் பட்டை ஒளியை நம்புவதில்லை. ஈசிஜி போலவே இதயத்தின் மின் அலையைத் தோலிலிருந்து நேரடியாக எடுக்கிறது. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-ல் கம்பியில்லாத இந்தக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அடிப்படை இன்றும் மாறவில்லை. 2017-ல் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவர்கள் 50 பேரை டிரெட்மில்லில் ஓடவிட்டு ஒப்பிட்டபோது, மார்புப் பட்டை ஈசிஜியோடு 0.99 அளவுக்கு ஒத்துப்போனது (1 என்றால் முழுப் பொருத்தம்). மணிக்கட்டுக் கருவிகள் எல்லாமே அதற்குக் கீழேதான் நின்றன. வீட்டுச் சோதனைக்கு போலார் எச்10, எச்9, கார்மின் எச்ஆர்எம் டூயல் எதுவானாலும் சரி. கூஸ்போ, மஜீன் போன்ற விலை குறைந்த பட்டைகளும் எடுப்பது அதே மின் அலையைத்தான்.

பட்டையும் தவறும், அதைச் சரியாகக் கட்டாவிட்டால் ஒப்பீடே வீண். துணியின் உட்பக்கம் இருக்கும் இரண்டு ரப்பர் பரப்புகளையும் தண்ணீரில் நனையுங்கள். உலர்ந்த தோலில் கட்டினால் முதல் ஐந்து நிமிடம் 200, 60, 190 என்று பேய் ஆட்டம் ஆடும். சென்னை ஈரப்பதத்தில் வியர்வை சீக்கிரம் வேலையை முடித்துக்கொடுக்கும், ஏசி ஜிம்மில் அப்படி நடக்காது. பட்டை மார்புத் தசையின் கீழ்க்கோட்டுக்கு அடியில் உட்கார வேண்டும், பெண்களுக்கு உள்ளாடைப் பட்டைக்குச் சற்றுக் கீழே. ஆழமாக மூச்சை இழுத்துவிட்டாலும் நழுவாத அளவு இறுக்கம் போதும். தளர்வான பாலியஸ்டர் ஜெர்சி படபடவென்று அடித்தால் நிலைமின்சாரம் தாவி எண் எகிறும், ஜெர்சியை நனைத்துவிட்டால் நின்றுவிடும். ஓடி முடித்ததும் பெட்டியைப் பட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். ஈரமான பட்டையில் மாட்டியே வைத்தால் அது இன்னும் உடம்பில் இருப்பதாக நினைத்து ஓடிக்கொண்டே இருக்கும், பட்டன் பேட்டரி சீக்கிரம் காலியாகும். அலசுவதற்கு மெட்ரோ வாட்டர் நல்லது. ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. வியர்வை உப்போடு அதுவும் சேர்ந்தால் உலோகப் பொத்தான்கள் பச்சை பூத்துப் போகும்.

சோதனைக்குப் போவோம். காலை ஐந்தரை, ஆறு மணிக்கு ராயபுரம் அண்ணா பூங்கா, பெரம்பூர் முரசொலி மாறன் பூங்கா என்று வண்டி வராத இடமாகப் பாருங்கள். கன்டெய்னர் லாரிகள் போகும் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் வாட்சைப் பார்த்துக்கொண்டு ஓடுகிற இடம் கிடையாது. மார்புப் பட்டையை போனில் ஒரு செயலியோடு இணைத்துப் பதிவைத் தொடங்குங்கள். ப்ளூடூத் இதயத்துடிப்பு சென்சாரை ஏற்கும் எந்தச் செயலியும் போதும். வாட்சில் தனியாக ஒரு பதிவு. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். முன்பு எப்போதாவது பட்டையை வாட்சோடு இணைத்திருந்தால், பட்டை அருகில் இருப்பதைக் கண்டதும் பல வாட்சுகள் தாமாகவே மணிக்கட்டு சென்சாரை விட்டுவிட்டுப் பட்டையின் எண்ணை எடுத்துக்கொள்ளும். பிறகு இரண்டு வரைபடமும் ஒட்டிப் பிறந்த இரட்டையர் மாதிரி வரும், வாட்ச் பிரமாதம் என்று நினைத்துவிடுவீர்கள். வாட்சின் சென்சார் பட்டியலுக்குப் போய் பட்டையை நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

உடற்பயிற்சிப் பதிவைத் தொடங்கும் பொத்தானை அழுத்தாமல் ஒப்பிடுவதும் அநியாயம். சாதாரண நேரத்தில் பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பல வாட்சுகள் சில நிமிடத்துக்கு ஒருமுறைதான் பார்க்கும், சில மலிவு வாட்சுகளில் அந்த இடைவெளி அமைப்புகளிலேயே பத்து நிமிடம், அரை மணி என்று இருக்கும். அவற்றில் பயிற்சிப் பதிவில் மட்டும்தான் விளக்கு தொடர்ந்து எரியும். கார்மினில் பதிவு இடைவெளியை ஒவ்வொரு நொடியும் என்று மாற்றிவையுங்கள்.

ஐந்து நிமிடம் பெஞ்சில் சும்மா உட்காருங்கள். ஐந்து நிமிடம் வேக நடை. பதினைந்து நிமிடம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம். அதற்குப் பிறகு படிக்கட்டு. நம் ஊரில் மேடு கிடையாது, நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் மாடிப்படி போதும். 30 நொடி வேகமாக ஏறுங்கள், 90 நொடி மெதுவாக இறங்கி நில்லுங்கள், இப்படி எட்டு தடவை. உண்மையான பரீட்சை இந்தப் பகுதிதான். இதயம் ஏறத் தொடங்கிய பிறகு வாட்ச் எவ்வளவு தாமதமாக ஏறுகிறது, இறங்கும்போது எவ்வளவு பின்தங்குகிறது என்பது இங்கே வெளிச்சமாகும். வாட்ச் பல நொடிகளின் சராசரியைக் காட்டுவதால் கொஞ்சம் தாமதம் எதிலும் இருக்கும். பத்து நொடி தாமதம் பரவாயில்லை. முப்பது நொடி ஏற்றத்தில் முப்பது நொடி தாமதமானால் உச்சமே பதிவாகாது. நீங்கள் பேக் அடிப்பவரானால் கடைசியில் மூன்று ரவுண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், எடை தூக்குபவரானால் டெட்லிஃப்ட், புல்அப். கம்பியை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சிகளில் மணிக்கட்டு வாட்ச் அதிகம் தடுமாறும்.

இரண்டு வாட்சை ஒப்பிடுவதானால் ஒரே கையில் இரண்டையும் கட்டாதீர்கள். மேலே இருப்பது இறுகினால் கீழே இருப்பதற்கு ரத்தம் குறையும், ஒன்றன் வெளிச்சம் மற்றதுக்குப் போகும், இரண்டும் மோதிக் குலுங்கும். கைக்கு ஒன்று. மறுநாள் கையை மாற்றி அதே சோதனை. அதைச் செய்யாவிட்டால் வலது கைப் பழக்கமும் இடது கைப் பழக்கமும் வாட்சின் குணமாகத் தெரியும்.

பதிவுகளை இறக்கி எக்செல்லில் நொடிக்கு நொடி பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போன் நேரமும் வாட்ச் நேரமும் சில நொடி முன்பின் இருக்கலாம், முதல் படிக்கட்டு ஏற்றத்துக்கு முன்னால் இருக்கும் சமநிலையைப் பார்த்து ஒன்றை நகர்த்தி ஒத்துவையுங்கள். நகர்த்துவதில் பேராசை வேண்டாம், வாட்சின் தாமதத்தையே மறைத்துவிடுவீர்கள். கணக்கில் ஒரு பொறி உண்டு, ஒரு சின்ன உதாரணத்தில் பார்க்கலாம். ஐந்து இடத்தில் பட்டை 142, 150, 158, 165, 170 என்கிறது. வாட்ச் 140, 149, 171, 166, 152 என்கிறது. வித்தியாசம் -2, -1, +13, +1, -18. கூட்டி ஐந்தால் வகுத்தால் -1.4. சராசரியாக ஒன்றரைத் துடிப்புகூடத் தவறவில்லை என்று விளம்பரமே போடலாம்! கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டன. குறியைத் தூக்கிவிட்டு 2, 1, 13, 1, 18 என்று கூட்டினால் சராசரித் தவறு 7. சதவீதமாகப் பார்த்தால் சுமார் 4.3. ஆக, ஒரு இடத்தில் 18 துடிப்பு தவறிய வாட்சும் "5 சதவீதத்துக்குள் துல்லியம்" என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால் மூன்று எண்களை எடுங்கள்: குறி நீக்கிய சராசரித் தவறு, 5 துடிப்புக்குள் இருந்த நொடிகளின் சதவீதம், மிகப் பெரிய தவறு எந்த இடத்தில் வந்தது என்பது. மூன்றாவதுதான் அதிகம் சொல்லும். ஓட்டம், படிக்கட்டு, பேக் என்று பகுதி பகுதியாகத் தனித்தனியே எடுங்கள். மொத்தமாக எடுத்தால் உட்கார்ந்திருந்த ஐந்து நிமிடம் மற்றத் தவறுகளையெல்லாம் மறைத்துவிடும்.

கருத்த தோலில் வாட்ச் சரியாகக் காட்டாது என்ற பேச்சு நம்மிடையே அதிகம், அதில் நியாயமான பயமும் உண்டு. மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மை. 2020-ல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 53 பேரை எல்லாத் தோல்நிறங்களிலிருந்தும் எடுத்து, ஆப்பிள், ஃபிட்பிட், கார்மின், ஷவ்மி உட்பட ஆறு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் தோல்நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அசைவின்போது தவறு, ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 சதவீதம் கூடியது. கருவிக்குக் கருவியும் மாறியது. சமிக்ஞை பலவீனமானால் ஒளியைக் கூட்டிச் சரிக்கட்டுகிற வசதி ஆப்பிள் வாட்சில் இருக்கிறது. தோல்நிறத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது பச்சை குத்தலுக்குத்தான். மணிக்கட்டில் பெயரோ படமோ அடர்த்தியாகக் குத்தியிருந்தால் மை ஒளியை அடைத்துவிடக்கூடும், அப்போது வாட்சால் ஒன்றும் செய்ய முடியாது. கையை மாற்றுங்கள், அல்லது பட்டைக்குப் போங்கள். ரத்த ஆக்சிஜன் அளவு வேறு கதை. அதில் கருத்த தோலில் விரல்முனைக் கருவிகளே உண்மையைவிடக் கூட்டிக் காட்டுவது 2020-ல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகளில் வெளிவந்தது.

நம்ம ஊரில் வாட்சைக் கெடுக்கும் இன்னொரு விஷயத்தை எந்தக் கையேட்டிலும் பார்க்க முடியாது: காசிக்கயிறு. கோயிலில் கட்டிய சிவப்பு, கறுப்புக் கயிறு வாட்சுக்கு அடியில் ஒரு ஓரமாகச் சிக்கியிருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் தடிமனே சென்சாரின் ஒரு பக்கத்தைத் தோலிலிருந்து தூக்கிவிடும். இடுக்கு வழியாக வெயில் உள்ளே புகும், பச்சை ஒளி பக்கவாட்டில் கசியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் பக்கவாட்டில் பச்சை ஒளி எட்டிப் பார்ப்பது தெரியும். கயிற்றை அறுக்க வேண்டியதில்லை, வாட்சை மற்றக் கைக்கு மாற்றினால் போதும். வெள்ளிக் காப்பும் அப்படித்தான், ஓடும்போது வாட்சில் போய் மோதிக்கொண்டே இருக்கும்.

கட்டும் இடம் மணிக்கட்டு எலும்புக்கு மேல், முழங்கைப் பக்கம். சாதாரண நேரத்தில் எலும்பிலிருந்து ஒரு விரல் தள்ளி, உடற்பயிற்சியில் இரண்டு மூன்று விரல் தள்ளி. எலும்பின் மேலேயே கட்டினால் வாட்ச் இருபுறமும் ஊஞ்சலாடும். ஓடுவதற்கு முன் வாட்ச் பட்டையில் ஒரு துளை இறுக்குங்கள், முடிந்ததும் தளர்த்துங்கள். வாட்சைப் பிடித்து நகர்த்தினால் தோலும் கூடவே நகர வேண்டும், அதுதான் சரியான இறுக்கம். விரல் மரத்துப்போனால் அதிகம். தேங்காய் எண்ணெயும் சன்ஸ்கிரீனும் தடவிய கையில் வாட்ச் வழுக்கும், கண்ணாடியிலும் படலம் படியும். வியர்வை உப்பு காய்ந்து அடிக்கண்ணாடியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். பெரிய, கனமான 47 மில்லிமீட்டர் உலோக வாட்ச் மெலிந்த மணிக்கட்டில் குலுங்கும் குலுக்கலுக்கு, அதே சென்சார் உள்ள சின்ன மாடல் எவ்வளவோ மேல். நீண்டு கொடுக்கும் நைலான் பட்டையும் உதவும், வியர்வையில் சிலிகான் மாதிரி வழுக்காது.

ஏப்ரல், மே மாதங்களில் ஒரு புகார் தவறாமல் வரும்: "அதே வேகம்தான், ஆனா வாட்ச் பத்துத் துடிப்பு கூடக் காட்டுது, சென்சார் போச்சு." சென்சார் போகவில்லை. வெயிலிலும் புழுக்கத்திலும் உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கு அதிக ரத்தம் அனுப்புகிறது. வியர்வையில் நீர் குறையக் குறைய ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் குறைகிறது, அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. அரை மணி நேர ஓட்டத்தில் வேகம் மாறாமலே 10, 15 துடிப்பு ஏறிப்போவது இயல்பு. மார்புப் பட்டையும் அதே ஏற்றத்தைக் காட்டினால் வாட்ச் உண்மை சொல்கிறது, நீங்கள்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

மாடல் பெயர் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு: 2017-ல் ஸ்டான்ஃபோர்டில் 60 பேரிடம் ஏழு கருவிகளைச் சோதித்தபோது இதயத்துடிப்பில் ஆப்பிள் வாட்ச்தான் மிகக் குறைந்த தவறோடு முதலில் நின்றது. ஐபோன் இருந்து, நாள்தோறும் சார்ஜ் போடச் சலிப்பில்லை என்றால் அதுதான் என் தேர்வு. நீண்ட தூரம் ஓடுபவருக்கு கார்மின், அதிலும் எலிவேட் என்ற அதன் துடிப்பு சென்சாரின் ஐந்தாம் தலைமுறை வந்த மாடல்கள். 2023-ல் வந்த வெனு 3, ஃபீனிக்ஸ் 7 புரோ அதில் சேரும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் வாட்சில் என் முதல் கேள்வி துல்லியம் பற்றியதே இல்லை. நொடிக்கு நொடி பதிவை வெளியே எடுக்க முடிகிறதா? முடியாவிட்டால் அதைச் சோதிக்கவே வழியில்லை, சோதிக்க முடியாத எண்ணை வைத்துப் பயிற்சி செய்வதில் அர்த்தமில்லை. ஓய்வுத் துடிப்பும் தூக்கமும் பார்க்க மட்டுமானால் எளிய பேண்டே போதும். பயிற்சிக்கென்றால், அந்த எளிய பேண்டோடு ஒரு மார்புப் பட்டை வாங்குவது, ஒரு விலை உயர்ந்த வாட்ச் வாங்குவதைவிட நல்ல செலவு.

கலோரி எண்ணை நம்பி பிரியாணியைத் தீர்மானிக்காதீர்கள். அதே ஸ்டான்ஃபோர்டு சோதனையில் கலோரிக் கணக்கில் மிகச் சிறந்த கருவியே 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். துடிப்பை வைத்து உழைப்பைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டும் ஸோன்களும் அப்படித்தான். உச்சத் துடிப்பைக் கணிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரமே ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தள்ளிப்போகும். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது, அவர்கள் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அப்படிப்பட்டவர்கள் மூச்சு வாங்கும் அளவைப் பார்த்து நடப்பது நல்லது, அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதயத்துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு மணிக்கட்டு எண் குறைத்துக் காட்டலாம். சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேராத அளவு பலவீனமாக இருக்கும், இதயம் 110 தடவை சுருங்க, கையில் 90 மட்டும் எட்டும். நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கும் இடது கைக்கும் பரவும் வலியோ, வேர்த்துக் கொட்டி மயக்கமோ வந்தால் வாட்ச் 72 காட்டுவதைப் பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள். மாரடைப்பை எந்த வாட்சும் கண்டுபிடிக்காது, வாட்சில் எடுக்கும் ஒற்றை வழி ஈசிஜியும் சேர்த்துத்தான்.

வாங்கும் முன் விற்பவரின் நிபந்தனையைப் படியுங்கள். ஆன்லைனில் பல வாட்சுகளுக்குப் பணம் திரும்பக் கிடைப்பதில்லை, ஏழு நாளுக்குள் பழுதிருந்தால் வேறு பீஸ் மாற்றித் தருவதோடு சரி. அதனால் முதல் நாளே முழுசாகச் சார்ஜ் போட்டு, மென்பொருளைப் புதுப்பித்து, உங்கள் வயது, எடை, எந்தக் கை என்பதைச் செயலியில் சரியாகக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் இடது கை, மூன்றாம் நாள் வலது கை. இரண்டு நாளும் ஓட்டத்தில்கூடப் பட்டையோடு 10 துடிப்புக்கு மேல் விலகினால், இரண்டு வரைபடங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் புகாரோடு சேர்த்து அனுப்புங்கள். அதுவரை பெட்டியையும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் கிழிக்காமல் வையுங்கள்.